நட்ட முடியும் நேர்ந்த முடியும்

என் வீட்டுக்காரருக்குத் தலையில் முடி நடலாம் என்ற எண்ணம் வந்தது சொந்தக்காரர் ஒருவர் வீட்டுப் பால்காய்ப்பில். பந்திக்கு ஆள் கூப்பிட வந்தவர் இவர் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, மூத்தவுக நீங்க மொதப் பந்தியில உக்காருங்க. தம்பி பெறகு சாப்பிடட்டும்" என்று இழுத்துக்கொண்டு போனார். தம்பி என்று அவர் கைகாட்டியது இவருடைய கூடப்பிறந்த அண்ணனை. அவருக்கு இன்றைக்கும் சீப்பு உடைகிற முடி. அண்ணன் சும்மா இருப்பாரா? "போங்கண்ணே, நான் அடுத்த பந்தியில சாப்பிட்டுக்கிடுதேன்" என்று கும்பிட்டார். பந்தியே சிரித்தது.

இவர் அன்றைக்குப் பாயாசத்தைத் தொடவில்லை. பாயாசத்தை இலையில் விட்டுவிட்டு எழுந்திருக்கிற மனுஷர் இல்லை. விஷயம் பெரிசு என்று எனக்கு அப்போதே பட்டது.

கோவில்பட்டியில் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி விற்கிற கன்சல்டிங் கடை வைத்திருக்கிறார். எந்த ஓட்டை வண்டி வந்தாலும் துருவைத் தேய்த்து, டேங்குக்குப் பெயிண்ட் அடித்து, சீட் கவர் மாற்றி, மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிடுவார். தன் தலையை மட்டும் வருஷக்கணக்காகத் தொப்பிக்குள் போட்டு மூடி வைத்திருந்தார். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மனசு வராது. "சோறு திங்கும்போதாவது கழத்துங்க, வாய் எங்கன இருக்குன்னு தெரியல" என்பேன். முறைப்பார். முறைப்பதும் கண்ணாடிக்குப் பின்னால் பாதிதான் தெரியும்.

மதுரைக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தோம். ஒரு சின்னக் கேமராவை இவர் பின்மண்டையில் வைத்து அழுத்தி டிவியில் காட்டினார். பின்னால் இருந்த முடியெல்லாம் நாணல் மாதிரி தடித்தடியாகத் தெரிந்தது. "பின்னாடி இருக்கிறதை வேரோட எடுத்து முன்னாடி வைப்போம். அந்த முடிக்குக் கொட்டுற குணம் கிடையாது. ஆனா புதுசா நாங்க எதையும் உண்டாக்கப் போறதில்ல, இடம்தான் மாத்தப் போறோம்" என்றார். இவர் மெதுவாக போனை எடுத்து ஒரு சினிமா நடிகரின் படத்தைக் காட்டினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இவ்வளவு வேணும்னா இன்னொருத்தர் பின்மண்டையும் சேர்ந்து வேணும் சார்" என்றார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இன்னும் சில ரத்தப் பரிசோதனைகள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒன்று விடாமல் கேட்டார்கள். சிகரெட்டை முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், ரத்த ஓட்டம் குறைந்தால் நட்டது பிடிக்காது என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிச் சொல்லி நிற்காத சிகரெட், முடி என்றதும் அன்றைக்கே நின்றது. என் மேல் இருக்கிற பிரியத்தின் அளவு அப்போது துல்லியமாகத் தெரிந்தது.

கடை மெக்கானிக்குக்கு விஷயம் தெரிந்துபோனது. "அண்ணாச்சி, இது நம்ம கரிசக்காட்டு ஆளுக்குத் தோதுப்படுமா? நமக்கு வெதைக்கத்தான் தெரியும். நடவெல்லாம் ஆத்துத் தண்ணி பாயுத ஊர்க்காரன் பாக்குத வேலைல்லா" என்றான். "வாய மூடிட்டு செயினுக்கு எண்ணெய் போடுலே" என்றார் இவர்.

ஊரெல்லாம் தெரிந்தும், கிராமத்தில் இருக்கிற என் மாமியார், அத்தையிடம் மட்டும் சொல்ல இவருக்கு வெட்கம். இடைசெவல் போகிற வழியில் உள்ள ஊர் அது. அத்தை இன்னும் தன் காட்டில் உளுந்து விதைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். பெற்ற தாயிடம் போய் முடி நடப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் போனில், "அம்மா, மதுரைக்குப் போறேன். தலையில சின்ன ஆப்ரேஷன்" என்றார். "தலையிலயா?" என்று கேட்டாள். "ஆமா, தலையிலதான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லை இன்னும் கொஞ்சம் விளக்கியிருந்தால் பின்னால் வந்த பாடெல்லாம் வந்திருக்காது.

ஆப்ரேஷன் அன்றைக்குக் காலையில் முதல் வேலையாக மொட்டை அடித்தார்கள். பிறகு முன்நெற்றியில் பேனாவால் முடி தொடங்க வேண்டிய கோட்டைப் போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் கீழ எறக்கிப் போடுங்களேன்" என்று இவர் பேரம் பேசினார். "அம்பது வயசுலயும் இதே கோடுதான் சார் இருக்கும், அப்ப நல்லாருக்கணும்ல" என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். மரத்துப்போக ஊசி போடும்போதுதான் வலியாம். "கட்டெறும்புப் புத்துக்குள்ள தலைய விட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு வலி இல்லை, சலிப்புதான். பாதி நாள் குப்புறப் படுக்கப் போட்டு வேர் வேராக எடுத்தார்கள், மீதி நாள் மல்லாக்கப் போட்டு நட்டார்கள். நினைவெல்லாம் தெளிவாக இருந்தது. உள்ளே நட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் தங்கள் நாத்தனார்களைப் பற்றிப் பேசிய கதை முழுவதையும் கேட்டு வைத்து, திரும்பி வரும்போது காரில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும்தான் எனக்கு வேலை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த மாதிரியே தூங்க வேண்டும். குனியக் கூடாது, வெயில் படக் கூடாது, சொரியவே கூடாது. ஹெல்மெட்டை நினைக்கவும் கூடாது. நட்ட இடத்தில் அடிக்கடி மருந்துத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். துணிக்குத் தண்ணீர் தெளித்துத் தேய்க்கிற மாதிரி நான் இவரைச் சுற்றிச் சுற்றித் தெளித்தேன். பிறகு தலையில் இருந்த வீக்கம் முகத்துக்கு இறங்க ஆரம்பித்தது. நெற்றி புடைத்து, கண் இரண்டும் குழிப்பணியாரமாக உப்பின. இப்படி ஆகும், தானாக வடியும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எனக்குச் சொன்னார்கள், அத்தைக்கு யார் சொன்னது?

சரியாக அந்தப் பணியாரக் கண் நாளில்தான் அவள் பஸ் ஏறி வந்தாள்.

மொட்டைத் தலை, அதில் புள்ளி புள்ளியாக ரத்தப் பொருக்கு, ஆள் அடையாளம் தெரியாத முகம். வாசலிலேயே பையைப் போட்டாள். "ஏய்யா, மூளையில எந்தப் பக்கம்யா அறுத்தாக?"

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன். "மூளை இல்ல அத்த. முடி."

"என்ன முடி?"

"முடி நட்டுருக்காக. பின்னால இருந்தத எடுத்து முன்னால."

அத்தை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இந்த மயிருக்கா நான் அந்தப் பாடு பட்டேன்?" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும் முன்பே முகம் மாறி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி, நான் நேந்துட்டேனே."

தலையில் ஆப்ரேஷன் என்றதும் நேரே குலசாமி கோயிலுக்குப் போயிருக்கிறாள். "தாயி, எம்புள்ள தலை தப்பி வந்தாம்னா, அவன் தலைமுடிய முழுசா ஒனக்கு எறக்குதேன்" என்று நேர்ந்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த பெரிய நேர்ச்சை அதுதான். பிள்ளை தலையில் இறக்குகிற அளவுக்கு முடி கிடையாது என்பது அந்நேரம் அவள் நினைவில் இல்லை.

"இங்க எங்கம்மா முடி இருக்கு எறக்க?" என்றார் இவர்.

"வளரத்தான நட்டுருக்க? வளரட்டும். வளந்ததும் எறக்கிக்கிடுவோம்."

இவருடைய வீங்கிய கண்ணிலும் அப்போது பயம் தெரிந்தது. அத்தை அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரியில் சிரைத்த முடி எங்கே என்று கேட்டாள். குப்பையில் போட்டிருப்பார்கள் என்றேன். "கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா? அன்னைக்கே கொண்டுபோயி சாமிகிட்டப் போட்டுக் கணக்க முடிச்சிருப்பேன்."

பொருக்கெல்லாம் உதிர்ந்து தலை சுத்தமானது. கூடவே நட்ட முடியும் உதிர ஆரம்பித்தது. அதுவும் முன்னாலேயே சொன்னதுதான்; முடி விழும், வேர் உள்ளே இருக்கும், மறுபடி முளைக்கும். ஆனாலும் தலையணையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அத்தை மட்டும் சொன்னாள்: "பாத்தியா, அவளே எடுத்துக்கிட்டா."

இவர் துள்ளி எழுந்தார். "அப்ப நேர்ச்சை முடிஞ்சிட்டாம்மா?"

"அதெப்படி முடியும்? எறக்குத மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

பிறகு சில மாதம் தலை சும்மா கிடந்தது. காட்டில் பருத்தி முளைத்துக் கிளைவிட்ட சமயத்தில் இவர் நெற்றியிலும் பூனைமுடி தெரிந்தது. அது கறுத்து, தடித்து, ஒரு நாள் சீப்புக்குச் சிக்கியது. கடையில் நிற்கிற அத்தனை வண்டியின் கண்ணாடியும் இவர் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியைச் சரிபண்ணிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். "அண்ணாச்சி, வண்டி விக்கவா, வகிடு எடுக்கவா கடை போட்டுருக்கீக?" என்றான் மெக்கானிக்.

அத்தை மாசம் தவறாமல் வந்தாள். உளுந்து கொண்டுவந்தேன், கம்பு கொண்டுவந்தேன் என்பாள். கண் மட்டும் பிள்ளையின் தலை மேல் இருக்கும். அறுவடைக்கு நாள் பார்க்கிற பார்வை. அவள் வருகிற பஸ் நேரம் தெரிந்ததும் இவர் பரணிலிருந்து பழைய தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வார். முடி இல்லாதபோது ஊருக்கு ஒளித்த மனுஷர், முடி வந்த பிறகு பெற்ற தாய்க்கு ஒளித்தார். "எப்படிய்யா இருக்கு?" என்பாள். "இன்னும் சரியா வரலம்மா" என்பார். காதோரம் சுருள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

குலசாமி கோயில் கொடைத் திருவிழா நெருங்கியது. அத்தை வந்து உட்கார்ந்து, "இந்த வருசம் நான் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்த வருஷம்கூட டிராக்டரில் ஏறி வந்தவள் அவள். "குடுக்க வேண்டியதக் குடுக்காம அவ மொகத்துல எப்படி முழிக்க?"

பொம்பளைகள் கொடுப்பது மாதிரி நுனியில் கொஞ்சம் கத்தரித்துப் பூமுடியாகக் கொடுத்துவிடலாமே என்றேன். "நான் முழுசான்னுல்லா சொன்னேன்" என்றாள். நான் ஏற்கெனவே டாக்டரம்மாவிடம் போனில் கேட்டு வைத்திருந்தேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது, வேர் நன்றாகப் பிடித்துவிட்டது, தாராளமாக மொட்டை போடலாம், திரும்ப வளரும் என்று சொல்லியிருந்தார். இவரிடம் சொன்னதற்கு, "அவியளுக்கென்ன, அவிய தலையா?" என்று விட்டார்.

அத்தையைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டேன். "எதுக்கு அத்த முழுசா நேந்தீக? கொஞ்சம் கொறச்சு நேந்திருக்கலாம்லா?"

அவள் சிரிக்கவில்லை. "ஏட்டி, எம்புள்ள மண்டைய அறுக்காகன்னு நெனச்சுக்கிட்டு நிக்கேன். அந்நேரம் கொறச்சுப் பேச வாய் வருமா? ஆப்ரேஷன் நல்லா முடிஞ்சுதுன்னு நீங்க போன்ல சொல்லுத வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாம அவ வாசல்லயே கெடந்தேன்."

உள் அறையில் இருந்த இவர் வெளியே வந்தார். தொப்பி இல்லை. அத்தை நிமிர்ந்து பார்த்து, "ஏய்யா, இம்புட்டு வளந்திருக்கா!" என்று கையை நீட்டினாள். இவர் தலையைக் குனிந்து கொடுத்தார். அவள் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு தடவை கோதிவிட்டாள். "கொடையன்னைக்கு வண்டிய எத்தன மணிக்கு வரச் சொல்லணும்?" என்று மட்டும் கேட்டார்.

கோயிலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். முடி இறக்குகிறவர் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்துவிட்டு, "நல்ல அடர்த்தி அண்ணாச்சி. பிளேடு இன்னொண்ணு மாத்தணும்" என்றார்.

"என்ன சொன்னீய?"

"அடர்த்தின்னேன்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, அங்கன எங்கண்ணன் நிக்காக."

முடி கற்றை கற்றையாக விழுந்தது. அத்தை துண்டை விரித்து ஒன்று விடாமல் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாமி முன்னால் போனாள். திரும்பி வந்தவள் சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இவர் குளித்துவிட்டு வந்து நின்றார். வழுக்கைத் தலையில் மொட்டை அடித்தால் பின்னால் மட்டும் லாடம் போட்ட மாதிரி நிழல் தெரியும், முன்பக்கம் பளபளக்கும். இத்தனை வருஷம் கோயிலில் அப்படித்தான் நின்றிருக்கிறார். இப்போது அந்தப் பேனாக் கோட்டிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே சீராக, அப்போதுதான் உழுதுபோட்ட கரிசல் மாதிரி கறுப்பு ஓடியது. சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். "ஏலே, இதுல்லா மொட்டை!" என்றார் அண்ணன்.

நான் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு போனேன். இவர் கையால் தடுத்தார்.

"கொஞ்ச நேரம் கழிச்சுப் பூசு. எல்லாரும் பாத்துக்கிடட்டும்."

உச்சி வெயில். தொப்பியும் இல்லை, துண்டும் இல்லை. மொட்டைத் தலையோடு ஒவ்வொரு சொந்தக்காரரிடமாகப் போய் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். சந்தனக் கிண்ணத்தோடு நான் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தேன்.