எட்டாம் நம்பர் பிளக்

தென்காசியில் வாப்பா நடத்திவந்த வாகன உதிரிபாகக் கடையை அவருக்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் கத்தாரில் வேலையாக இருக்கிறார். கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றால் போதும், அந்த வண்டிக்கு எந்த ஸ்பார்க் பிளக் என்று யோசிப்பதற்குள் என் கை அந்தத் தட்டுக்குப் போயிருக்கும். பதினைந்து வருஷப் பழக்கம். அந்தத் தைரியத்தில்தான் தம்பியின் காருக்கும் நானே பிளக் பார்த்துத் தருகிறேன் என்று சொன்னேன்.

தம்பி துபாயில் இருக்கிறான். போன ஆனி மாதம் நாற்பது நாள் லீவில் வந்தவன், கொச்சிக்குப் போய் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்துவிட்டான். இரண்டே கதவு. தரையோடு தரையாக இருக்கும். எங்கள் தெருவின் வேகத்தடையில் அடிவயிறு உரசாமல் ஏறாது. டர்போ வைத்த எஞ்சின். வெளியேறும் புகையின் விசையில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், வேகமும் கூடும், உள்ளே சூடும் கூடும். முன்பு வைத்திருந்தவர் அது போதாதென்று ஒரு ஒர்க் ஷாப்பில் கொடுத்து அந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றியிருந்தார்.

வந்த மூன்றாம் நாளே வண்டி மக்கர் பண்ணியது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. அழுத்தி மிதித்தால் திக்கித் திக்கிக் குலுங்கியது. எங்கள் கடைக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சி பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நான்கும் தேய்ந்திருந்தன. "இந்த வண்டியில கை வைக்கவே எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி. என்ன பிளக்னு நீ பாத்துச் சொல்லு, நான் மாட்டுதேன்" என்றார்.

பிளக் என்றால் வெறும் நெருப்புப்பொறி என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதன் நுனிக்கு ஒரு சூட்டு அளவு உண்டு. நுனி ரொம்பக் குளிர்ந்திருந்தால் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். ரொம்பச் சூடேறினால் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து, பொறி விழுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். மேலே ஏறிவருகிற பிஸ்டனை அந்த வெடிப்பு எதிர்த்து அடிக்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். அதனால்தான் பிளக்குகளில் சூட்டைக் குறிக்க நம்பர் போட்டிருப்பார்கள்.

ஒர்க் ஷாப்காரரிடம் தம்பி போனில் கேட்டான். கார் கம்பெனி போட்டது ஏழாம் நம்பர், அழுத்தம் ஏற்றியிருப்பதால் ஒரு படி குளிர்ந்ததாக எட்டாம் நம்பர் போடுங்கள், பொறி விழும் இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள் என்று அவர் சொன்னார். நான் வழக்கமாக விற்கிற அந்தப் பிளக் கம்பெனியில் எட்டாம் நம்பர் கையிருப்பு இல்லை. வர ஒரு மாதம் ஆகுமாம். அதற்குள் தம்பியின் லீவு முடிந்துவிடும். நான் திருநெல்வேலியில் விசாரித்தேன், மதுரையில் விசாரித்தேன். கடைசியில் எர்ணாகுளத்தில் ஒரு வியாபாரியிடம் வேறொரு கம்பெனியின் எட்டாம் நம்பர் இருந்தது. பார்சலில் வரவழைத்தேன். மரையின் விட்டம், நீளம், உட்காரும் இடம் எல்லாவற்றையும் பழைய பிளக்கோடு வைத்து வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். மயிரிழை வித்தியாசமில்லை. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணாச்சி மாட்டினார். தம்பி இலஞ்சி வரை ஒரு சுற்று போய்விட்டு வந்தான். "வெண்ணெ மாதிரி போகுது லாத்தா" என்றான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நான் லாத்தாதான். அக்கா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி விடுமுறை என்று கடையில் இருந்தாள். மாமாவின் காரில் போகவேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். குற்றாலம் போய், அப்படியே ஆரியங்காவு வரை மலை ஏறிவிட்டு, மதியம் ளுஹர் தொழுகைக்கு முன்னால் வந்துவிடுகிறோம் என்று தம்பி சொன்னான். நான் சரி என்றேன். அவளுக்குக் கதவைத் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவன்தான் வெளியே வந்து திறந்து உட்காரவைத்தான்.

அவர்கள் போய் அரைமணி நேரம் இருக்கும். சுரண்டையிலிருந்து ஒருவர் பழைய வெளிநாட்டு பைக் ஒன்றுக்குப் பிளக் கேட்டு வந்தார். அந்தப் புதுக் கம்பெனியின் கேட்டலாக் மேசைமேல் கிடந்தது. அதைப் புரட்டினேன். ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி. எங்கள் பிளக்குகளில் எண் கூடக்கூடச் சூடு கூடும் என்று இருந்தது.

மூன்று தடவை படித்தேன். வழக்கமாக நான் விற்கிற கம்பெனியில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. இந்தக் கம்பெனியில் தலைகீழ். இரண்டு கம்பெனிகளையும் ஒப்பிடும் அட்டவணையைத் தேடி விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு படி குளிர்ந்ததைப் போடவேண்டிய இடத்தில் மூன்று படி சூடானதைப் போட்டிருக்கிறேன். வந்தவர் ஏதோ கேட்டார். அவர் வாய் அசைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தம்பிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. சுரண்டைக்காரரை வெளியே அனுப்பிவிட்டுப் பாதி ஷட்டரை இழுத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டு அண்ணாச்சி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"சமதரையில ஒண்ணும் ஆகாது. ஏத்தத்துல மிதிச்சாத்தான்" என்றார்.

ஆறுதலாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் போயிருப்பதே ஏற்றத்துக்கு.

அண்ணாச்சியின் பழைய வேனில் கிளம்பினோம். முதலில் குற்றாலம். சாரல் விழுந்துகொண்டிருந்தது; சீசன் கூட்டம் ரோடு முழுக்க ஈரத்துண்டோடு நடந்தது. மெயினருவி கார் நிறுத்தத்தில் டோக்கன் கொடுப்பவரிடம் கேட்டோம். இரண்டு கதவுக் கறுப்புக் கார் வந்ததாகவும், இடமில்லை என்று செங்கோட்டை ரோட்டில் திரும்பியதாகவும் சொன்னார். அருவியில் இறங்கியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அதுவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

செங்கோட்டை தாண்டி, புளியரை வரும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிஸ்டனில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆயில் பீய்ச்சி அடிக்கும். பழுத்துக் கிடக்கும் டர்போவின்மேல் அந்த ஆயில் பட்டால் தீப்பிடிக்கலாம். வளைவில் எஞ்சின் நின்றுபோனால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் திரும்பாது, பின்னால் ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரி வரும். எல்லாவற்றையும்விட அந்தக் கதவுப் பிடிதான் என் கண்ணில் நின்றது. அவளுக்கு அதைத் திறக்கத் தெரியாது. அவளுக்கு அதை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

புளியரைக்கு மேலே மலை ரோட்டில் முதல் வளைவிலேயே லாரிகள் வரிசையாக நின்றன. எதிரே பைக்கில் இறங்கி வந்த ஒருவரை அண்ணாச்சி நிறுத்திக் கேட்டார். "மேல வளைவுல ஒரு காரு நிக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் இறங்கி ஓடினேன். செருப்பு வழுக்கியது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். லாரிகளின் பிரேக் தீய்ந்த வாடை வந்தது. அது பிரேக்தான், பிரேக்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன். நடுவில் ஓதத் தொடங்கினேன், பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. நான் ஓதி வளர்ந்த, தினமும் ஓதுகிற வார்த்தை.

வளைவில் கார் நின்றது. பாதி ரோட்டில், பாதி மண்ணில். நான்கு விளக்கும் விட்டுவிட்டு எரிந்தன. இடது பக்கக் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை.

கார் எரியவில்லை, நசுங்கவில்லை என்பதெல்லாம் அப்போது என் மனதில் ஏறவில்லை. திறந்த கதவும் காலி சீட்டும் மட்டும்தான் தெரிந்தன. சீட்டுக்குக் கீழே குனிந்துகூடப் பார்த்தேன். பிறகு பக்கத்துச் சரிவை எட்டிப் பார்த்தேன். கீழே பச்சை மட்டும்தான் இருந்தது. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"உம்மா."

ரோட்டுக்கு அந்தப்புறம், ரம்புட்டான் விற்பவரின் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே அவள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி, போனைத் தலைக்கு மேலே தூக்கி சிக்னல் தேடிக்கொண்டிருந்தான். நான் எப்படி ரோட்டைக் கடந்தேன் என்று தெரியாது. அவளை இறுக்கிப் பிடித்தேன். அவள் கையையும் முகத்தையும் தடவித் தடவிப் பார்த்தேன். கைக்குள் நாலைந்து ரம்புட்டான் தோல் வைத்திருந்தாள்.

தம்பிக்கு எரிச்சல். வளைவில் ஏறும்போது இவள் வாந்தி வருகிறது, நிறுத்துங்கள் என்று அழுதாளாம். நிறுத்தி இறக்கினால் வாந்தியும் இல்லை ஒன்றும் இல்லை. திரும்ப ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உதறுகிறது, கண்ணாடியெல்லாம் ஆடுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, அதனால் ஓரங்கட்டக்கூட முடியாமல் விட்டுவிட்டேன் என்றான்.

மகள் என் காதருகே வந்து, "பொய்தான் சொன்னேன் உம்மா" என்றாள். "டின்னுக்குள்ள கோலிக்குண்ட உருட்டுன மாதிரி சத்தம் வந்துச்சு. அப்படிச் சத்தம் வந்தா ஒடனே நிறுத்தணும்னு நீ கடையில எல்லார்ட்டயும் சொல்லுவல்லா. மாமாட்ட சொன்னேன், சிரிச்சாங்க. அதான் வாந்தின்னு சொன்னேன்."

ரம்புட்டான்காரர் தன் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டே தம்பியிடம் சொன்னேன். "பிளக் தப்பு. நான்தான் தப்பா எடுத்துட்டேன். நம்பர் தலைகீழு. நான் பாக்கல."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், காரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. போய்க் காரின் கதவைச் சாத்தினான்.

அண்ணாச்சி லாரிக்காரர்களைக் கூப்பிட்டுக் காரை ஓரத்துக்குத் தள்ளவைத்தார். ஏற்றிச்செல்லும் வண்டி வந்து ஷெட்டில் இறக்கிய பிறகு பிளக்குகளைக் கழற்றினோம். மூன்றாவது பிளக்கின் நுனி சப்பிய மிட்டாய் மாதிரி கரைந்திருந்தது. வெள்ளைப் பீங்கானில் மினுமினுவென்று ஊசிமுனைப் புள்ளிகள். அது பிஸ்டனின் அலுமினியம். குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தபோது பிஸ்டனின் தலையில் ஓரத்தை எறும்பு அரித்த மாதிரி இருந்தது. ஓட்டை இல்லை. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் சரியாகக் காட்டியது. இன்னும் ரெண்டு வளைவு ஏறியிருந்தா சொல்ல முடியாது என்றார் அண்ணாச்சி.

இரண்டு நாள் தம்பி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்து, நான் ஒரு வாடிக்கையாளரை அனுப்பும்வரை காத்திருந்தான்.

"சத்தம் எனக்கும் கேட்டுச்சு லாத்தா" என்றான். "அவ சொல்லுததுக்கு முன்னாடியே கேட்டுச்சு. முன்னால போன காரைத் தாண்டிட்டு நிறுத்தலாம்னு நெனச்சேன். தாண்டினப்பறம் இன்னொரு காரு இருந்துச்சு."

அவன் கை மேசைமேல் இருந்தது. அதன்மேல் என் கையை வைத்தேன்.

அவன் துபாய் போன பிறகுதான் பழைய கம்பெனியின் சரியான பிளக்குகள் வந்தன. நான்கு பெட்டியையும் தனித்தனியாகப் பிரித்து, நம்பரை அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். மகளையும் படிக்கச் சொன்னேன். அந்தக் கம்பெனியின் ஆளுக்கும் போன் செய்து கேட்டேன். அண்ணாச்சி மாட்டிவிட்டு, மலையில் ஏற்றிப் பார்த்தால்தான் நமக்குத் தெரியும் என்றார். யாரையும் அனுப்ப எனக்கு மனமில்லை. நானே அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முதலில் கதவுப் பிடியைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டேன்.

வண்டி அழகாக ஏறியது. அண்ணாச்சி மிதித்தபோது முதுகு சீட்டோடு ஒட்டியது, டர்போ விசில் அடித்தது, வேறு சத்தமே இல்லை. அந்த வளைவையும் தாண்டி, கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசல் வரை போய்த் திரும்பினோம். நல்லா இருக்கு தங்கச்சி, பயப்படாத என்று அவர் இரண்டு தடவை சொன்னார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று எனக்கும் தெரிந்தது. இருந்தும் செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். தென்காசி பஸ் ஒன்று புறப்பட நின்றது. ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன்.