வெடித்த பக்கம் ஓடி வந்தவர்கள்

பிள்ளைகளா, அப்பா ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் மூடிக்கிடக்கும் ஒரு ஷாஃப்டுக்கு, ஆட்கள் அடியில் இறங்கிய குழிக்கு, வாட்ச்மேன் என்பது உங்களுக்குத் தெரியும். சுரங்கம் நின்றுபோனாலும் அடியில் பாறை எப்போதாவது வெடிக்கும். அதைத்தான் ஏர் பிளாஸ்ட் என்கிறோம். ஷாஃப்டைச் சுற்றிப் போட்ட வேலிக்கு உள்ளே மண்ணை நம்ப முடியாது. அதைக் கவனிக்க பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்து, கம்பத்தில் கேமராவும் மைக்கும் மாட்டி, என்ன நடக்கிறதென்று தானே சொல்லும் ஒரு மெஷினோடு இணைத்தாள்.

"இதுக்கு ஏர் பிளாஸ்ட்டை ஒரு தடவகூட காட்டினதில்ல அண்ணா. எப்படி இருக்கும்னு வார்த்தையில சொல்லிட்டா போதும். சத்தமும் படமும் ஒத்துப்போனா அதுவே கண்டுபிடிச்சிடும்."

"பாக்காததையே சொல்லுமா? இன்னாம்மா, கிளி ஜோசியமா?"

சிரித்துக்கொண்டே கேட்டு எழுதினாள். சத்தம் காதுக்கு முன்னால் காலில் தெரியும், தகரக் கூரை உதறும் என்றேன். 'ஜனங்கள் விலகி ஓடுவார்கள்' என்று அவளாகச் சேர்த்தாள். எனக்கும் சரியென்றே பட்டது.

ஒரு சாயங்காலம் தரை குலுங்கியது. ஷெட்டில் அவளுடைய லேப்டாப் 'ஏர் பிளாஸ்ட்' என்று காட்டியது. பார்க்காததைச் சொல்லியேவிட்டது. உடனே இன்னொரு வரி: 'தெரியாத நிகழ்வு. ஆட்கள் சத்தத்தை நோக்கி ஓடுகிறார்கள்.'

கேமரா படத்தில் நம் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள். எல்லோருக்கும் முன்னால் உங்கம்மா. இடுப்பில் நீ, சின்னவளே. வேலி வாசல் வழியாகச் சுற்றி வர நேரமில்லையென்று வேலி ஓட்டைக்குள் நுழைந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் மண்ணில் புதிதாக ஒரு விரிசல்.

வெளியே ஓடி, "நில்லு! அங்கயே நில்லு!" என்று கத்தினேன். என் குரல் கேட்டு, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று அவள் இன்னும் வேகமாக வந்தாள். கத்துவதை விட்டு, அவள் கண்ணில் படும்படி ஷெட் பக்கத்து மேடை மேல் ஏறி நின்றேன். முழு ஆளாக என்னைப் பார்த்த பிறகே நின்றாள்.

"வந்த தடத்துலயே திரும்பிப் போ. குழந்தைய கெட்டியா புடிச்சுக்கோ."

வாசல் வழியாக வந்தவளிடம் இன்ஜினியர் பெண் கேட்டாள்: "சத்தம் கேட்டா தூரமா ஓடணும்தானே அக்கா?"

"நல்லா கேட்ட போ! என் ஆளு ஷாஃப்டாண்ட இருக்குது, நான் எங்க ஓடறது?"

சுரங்கம் ஓடிய காலத்தில் ஏர் பிளாஸ்ட் கேட்டால், யார் உயிரோடு மேலே வருகிறார்கள் என்று பார்க்க வீட்டுப் பெண்கள் ஷாஃப்டுக்குத்தான் ஓடுவார்கள். அந்தப் பழக்கம் உங்கம்மா காலிலும் இருக்கிறது. இன்ஜினியர் பெண் அதையும் வார்த்தையாக எழுதிக் கொடுத்துவிட்டாள். இனி மெஷின் அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் அதனால் யாரையும் பிடித்து நிறுத்த முடியாதே. அந்தப் பயம் எனக்குப் போகவில்லை.

சத்தம் கேட்டால் வராதீர்கள் என்றால் நீங்களும் கேட்க மாட்டீர்கள். வந்தால் வாசல் வழியாகவே வாருங்கள். நான் வெளியே வந்து நிற்பேன்.