நால்வருக்கு ஒரு கோட்

எண்பதுகளின் நடுவில், அகதிகளாய்ப் போய்ச் சேர்ந்த குளிர்நாட்டுப் பீல் நகரத்தில் நாங்கள் நான்கு யாழ்ப்பாணத்துப் பெடியள் ஒரு வீட்டில் இருந்தோம். நால்வருக்கும் சேர்த்து நல்ல கோட் ஒன்றுதான் இருந்தது. கபில நிறம், கழுத்தில் மயிர் வைத்தது. பழைய சாமான் சந்தையில் அதைக் கண்டுபிடித்து வாங்கியவன் நான். போட்டுக்கொண்டு முதற்படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியவனும் நானே. அதற்குப் பிறகு ஊருக்குப் படம் அனுப்ப நினைத்த எல்லாரும் என்னிடம் வந்தார்கள். பொத்தானை இழுக்காதே, புல்லில் இருக்காதே என்று ஒரு பிரசங்கம் வைத்துவிட்டுத்தான் கொடுப்பேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எம்மன்புரூக்கே என்ற ஊரிலிருந்து என் கூட்டாளி வந்து இறங்கினான். ஊரில் அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டுந்தான். அவன் கோப்பை கழுவிய உணவகத்தை அந்தக் கிழமை விடுமுறைக்குப் பூட்டியிருந்தார்கள்.

"சும்மா சுத்திப் பார்ப்பம் எண்டு வந்தனான்" என்றான்.

ரயில் நிலைய வாசலைத் தாண்டுமுன்பே உண்மை வெளியே வந்துவிட்டது. பிள்ளைகள் இங்கே குளிரில் விறைத்துச் சாகிறார்கள் என்று யாரோ அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவ ஒரு நேரந்தான் சாப்பிடுகிறா. எட்டு மாதமாக மகன் ஒரு படமும் அனுப்பவில்லை. 'உன்னைப் படத்தில் கண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்' என்று எழுதியிருந்தா. அவன் அனுப்பாததற்குக் காரணம் அவன் உடம்பிலேயே தெரிந்தது. வாடி வற்றிப் போயிருந்தான். அகதி முகாமில் யாரோ கொடுத்த நீலக் குளிர்ச்சட்டை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"உன்ர கோட்டை ஒருக்கால் தருவியோ?" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அன்று பிரசங்கம் வைக்கவில்லை.

கோட் இருந்தது, கமராவில் இரண்டு படத்துக்குப் பிலிமும் இருந்தது, வெளிச்சம்தான் இல்லை. நகரம் முழுக்கப் பனிப்புகார். ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன்.

"ஏரி எங்கை?"

"உனக்கு முன்னால."

"நம்பச் சொல்லுறியோ?" என்று கேட்டுவிட்டு, குனிந்து கையை நனைத்துப் பார்த்த பிறகே ஒத்துக்கொண்டான்.

அவன் அப்படித்தான். எதையும் தொட்டு, கேட்டு, திரும்பவும் கேட்டால்தான் தீரும். மணிக்கூட்டுக் கடையொன்றின் கண்ணாடிக்கு முன்னால் பத்து நிமிடம் நகரவில்லை. உள்ளே சுவர் நிறைய மணிக்கூடுகள். பன்னிரண்டு ஆகும்போது எல்லாம் ஒன்றாக அடிக்குமா, ஒன்றாவது பிந்துமா என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். கடைக்காரர் எங்களை உற்றுப் பார்த்தார். கலைக்கப் போகிறார் என்று நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவரோ நேரம் நெருங்கியதும் சத்தம் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றே ஒன்று பிந்தியது. மூன்று பேரும் சிரித்தோம்.

பேருந்தில் ஒரு கிழவி ஜெர்மனில் கேட்க, கிழவர் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பீலில் அது அன்றாடக் காட்சி. அவன் மட்டும் வாயைப் பிளந்தான்.

"ரெண்டு பேரும் தங்கட தங்கட பாசையிலயே கதைக்கினம். சண்டை வரேல்லையே மச்சான்!"

"இன்னும் இறங்கேல்லை, பொறு" என்றேன். அவர்கள் கைகோத்தபடி இறங்கிப் போனார்கள்.

ஞாயிறு காலையிலும் புகார் கலையவில்லை. அவன் முகம் தொங்கிவிட்டது. கீழ்வீட்டு அம்மா எங்கள் கமராவைப் பார்த்துவிட்டு, சூரியன் மேலே இருக்கிறது என்று விரலால் காட்டினா. வெயிலுக்கு ரிக்கெற் எடுக்கிற நாடும் உண்டோ என்று அவன் புறுபுறுத்தான். ஆனாலும் கம்பிவடம் இழுத்து மலையேற்றும் சின்ன ரயிலில் ஏறினோம். ஜன்னல் முழுக்க வெள்ளை. திடீரென்று முகத்தில் வெயில் அடித்தது. கீழே பீலும் இல்லை, ஏரியும் இல்லை, ஒரே பஞ்சு. அதற்கு அப்பால் வெள்ளை மலைகள் வரிசையாக நின்றன.

"அப்ப இவ்வளவு நாளும் இது மேலதான் இருந்ததோ?" என்றான். எனக்கும் அது முதற்தடவை என்று நான் சொல்லவில்லை.

கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவனுடைய நீலக் குளிர்ச்சட்டையை எடுத்துப் பக்கத்து மர வாங்கில் வைத்தேன். ஒரு படம் எடுத்தேன். சரியாக அந்த நொடியில் அவன் கண்ணை மூடிவிட்டான். மிச்சம் ஒன்றுதான். நடக்க வந்த ஒரு பெண்மணி, கேளாமலே கமராவை வாங்கி, என்னையும் போய் நிற்கச் சொன்னா. வெறும் சுவெட்டரோடு ஓடிப்போய் நின்றேன். நிலத்தில் பனி கிடந்தது. பல் கிடுகிடுக்க இரண்டு கையையும் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு சிரித்தேன்.

அந்தப் படந்தான் ஊருக்குப் போனது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டான். குரல் சரியில்லை. "அம்மான்ர கடிதம் வந்திருக்கு. வாசிக்கிறன், கேள்" என்றான்.

"தம்பி, படம் கிடைச்சது. நீ போட்டிருக்கிற கோட் உன்ர இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நிண்ட படத்தை, போன வருசமே அவன்ர தாய் எனக்குக் கொண்டுவந்து காட்டினவ."

ஒரு வேலிக்கு இரு பக்கமும் இருக்கிற இரண்டு தாய்மாருக்கு ஒரே கோட்டைக் காட்டியிருக்கிறோம். எங்களைவிடப் பெரிய மடையர் யார்? அவ ஒரு நேரச் சாப்பாட்டையும் விட்டிருப்பா என்று பயந்துபோனேன்.

அவன் தொடர்ந்து வாசித்தான்.

"அந்தப் பிள்ளை குளிரில கையைக் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு சிரிச்சபடி நிக்குது. தன்ர கோட்டைக் கழட்டித் தர உனக்கு அங்க ஒரு ஆள் இருக்கு. இனி நான் ரெண்டு நேரமும் சாப்பிடுவன். அதுசரி, படம் எடுத்த உடன கோட்டை அவனிட்டத் திருப்பிக் குடுத்தனியோ?"