ஒடில் என்கிற கதவுக்கட்டை

விமானத்துக்கு டைட்டானியம் வெட்டிக்கொடுக்கும் அந்த ஃபிஜாக் ஊர்ப் பட்டறையில் ஒடில் என்ற பெயரில் இரண்டு பேர். ஒருத்தி, பெரிய மெஷினை ஓட்டுகிறவள். வாத்து வளர்க்கும் குடும்பத்துப் பெண். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இன்னொன்று, கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கும் சாம்பல் நிறக் கட்டை.

அந்தக் கட்டை, வேலைக்கு வந்த புதிதில் அவள் கெடுத்த பாகம். வெட்டும்போது டூல் கிறீச்சிட்டது. பயந்துபோய் ஃபீடை, அதாவது டூல் முன்னேறும் வேகத்தை, குறைத்துவிட்டாள். டைட்டானியத்திடம் தயங்கினால் தொலைந்தோம். டூல் வெட்டாமல் தேய்க்கும், சூடு போக வழியில்லாமல் நுனியிலேயே தங்கும், மேல்தோல் இறுகிப்போகும். அப்படித்தான் பாகம் வீணானது. கெட்ட பாகம் கதவுக்குப் போகும், கெடுத்தவர் பெயரே அதற்கும். அடுத்து ஒருவர் கெடுக்கும்வரை பெயர் மாறாது. இதுதான் பட்டறை வழக்கம்.

அதற்குப் பிறகு யாரும் கெடுக்கவில்லை.

"ஒடிலை நகர்த்துப்பா, குளிருது!" என்று தினமும் யாராவது கத்துவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெயர் ஒழிய வேண்டும், வேறெதுவும் வேண்டாம் அவளுக்கு.

ஒரு வியாழக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் கைகழுவப் போன நேரத்தில் ஃபோர்மேன் பெஸியேர் அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைக்குப் பெயர் வைத்த புண்ணியவான் அவர்தான். மெஷினுக்குள் விமான இறக்கையைத் தாங்கும் பாகம், கடைசி வெட்டு. திரும்பி வந்தவள் வாசலிலேயே அந்தக் கிறீச்சொலியைக் கேட்டாள். பெஸியேர் ஃபீடை ஒருமுறை குறைத்துவிட்டிருந்தார். கை மறுபடியும் ஃபீடைக் கூட்டிக் குறைக்கும் திருகிக்குப் போனது.

சும்மா நின்றால் போதும், நாளைக்குக் கதவுக்கட்டையின் பெயர் பெஸியேர். ஒரு கணம் சும்மாதான் நின்றாள். அப்புறம் ஓடினாள்.

"கைய எடுங்க!"

"கத்துது ஒடில்! டூல் போயிடும்!"

"நீங்க தடவிக்குடுக்கறீங்க, அதான் கத்துது. வெட்ட விடுங்க!"

திருகியை ஏற்றினாள். கிறீச்சொலி அடங்கி, மெஷின் கனத்த குரலில் உறுமியது. சுருள்கள் தடித்துப் பளபளவென்று விழுந்தன. அளந்து பார்த்தபோது முடியளவு பிசகில்லை.

பெஸியேர் கதவருகே போய்க் கட்டையைப் பார்த்தபடி நின்றார். "இனிமே இது என் பேருதான். அதான் நியாயம்."

"நீங்க எதைக் கெடுத்தீங்க?"

"நீ வராம இருந்திருந்தா..."

"வந்துட்டேன்ல! நான் இருக்கற வரைக்கும் இந்தப் பட்டறையில ஒண்ணும் கெடாது. அப்புறம் பேரு எப்படி மாறும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பெஸியேர்தான் முதலில் சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. ஒடிலைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, வாத்துக்கறி ஆறுவதற்குள் சாப்பிடப் போனாள்.