பத்திரிகையை வைத்துக் கண்ணாடி வாங்கியவன்

முதலில் வேலையைக் காட்டியது பீடத்து மெழுகுவர்த்திதான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள கோயிலில் ஞாயிறு மாலைச் செபத்தின்போது ஒரு சுடருக்கு ஐந்தாறு கால் முளைத்து நாலா பக்கமும் நீண்டது. கண்ணைக் கசக்கினேன், கால்கள் அப்படியே இருந்தன. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த என் மனைவி அருளம்மா, நான் பக்தியில் கண்ணீர் விடுகிறேன் என்று எண்ணி மிகவும் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை ஏன் கெடுக்கவேண்டும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸோ லோரியோ காரோ, நீங்கள் எதை ஓட்டுபவரானாலும் சரி, பொழுது சாயும் நேரத்தில் எதிரே வரும் விளக்கு உங்கள் கண்ணுக்கு விரிந்து சிதறித் தெரிந்தால், நான் இரண்டு வருஷம் செய்ததை நீங்கள் செய்யவேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்தது மறைத்ததுதான். எங்கள் பஸ் நிற்கும் இடத்தில் டிரைவர்களுக்குள் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. மூக்கில் கண்ணாடி ஏறினால் டிரைவருக்கு மரியாதை இறங்கும். கண்ணாடி போட்டவன் பஸ்ஸில் ஜனங்கள் ஏறமாட்டார்கள், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள் என்று எல்லோரும் நம்பினோம். ஆகவே கண் மங்கியவர்கள் எல்லோரும் கண் நன்றாகத் தெரிவதாக நடித்தோம். எத்தனை பேர் நடித்தோம் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது.

பகலிலும் தொல்லை இருந்தது. மழை விட்டு வெயில் அடித்தால் தார்ச்சாலை பளபளவென்று மின்னும். கண் கூசி நீர் வடியும். கடைசியில் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போய் ஒரு கண்ணாடி வாங்கினேன். அங்கே ஒரு தட்டு நிறையக் கண்ணாடிகளும், பக்கத்தில் ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகையும் இருக்கும். ஒவ்வொன்றாக மாட்டிப் பத்திரிகையைப் படிக்கவேண்டியது. எதில் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதோ அது நம்முடையது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பஸ் நிற்கும் இடத்தில் மற்றவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுபவனும் நானே. பொடி எழுத்தில் இருந்த விளம்பரம்வரை கடகடவென்று வாசித்துவிட்டு, இதுதான் வேண்டும் என்று எடுத்தேன்.

அதன் கண்ணாடி நல்ல பச்சை நிறம். வெயிலுக்கும் ஆகும், ராத்திரி எதிர் விளக்குக்கும் ஆகும் என்றார் கடைக்காரர். எனக்கு வேறொரு ஆதாயமும் தெரிந்தது. வெள்ளைக் கண்ணாடி போட்டால் நோயாளி. பச்சைக் கண்ணாடி போட்டால் நாகரிகக்காரர். ஒரே கல்லில் மூன்று மாங்காய் அடித்த பெருமையோடு வீடு திரும்பினேன்.

அந்தப் பச்சைக் கண்ணாடியோடு ஏழு மாதம் பஸ் ஓட்டினேன். 

ஒரு மாலை அருளம்மா கிள்ளானில் அவள் தங்கையைப் பார்த்துவிட்டு என் பஸ்ஸிலேயே திரும்பினாள். எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். விளக்கு ஏற்றும் நேரம். பதினோராம் கட்டைக்கு அருகில், அதாவது பதினோராவது மைல்கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சிறு பாலத்தைப் பழுது பார்ப்பதற்காக அன்றைக்குத்தான் சாலையை வெட்டியிருந்தார்கள். குறுக்கே மூங்கில் கட்டி, சிவப்புத் துணி சுற்றிய விளக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. அருளம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். மூங்கில் முறிந்தது, முன் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஜனங்கள் இறங்கிப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.  அருளம்மா வீட்டுக்கு வந்து, எனக்குச் சோறு போட்டு, நான் கை கழுவியபிறகுதான் பேசினாள்.

"நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டலங்க. ஞாபகத்துல ஓட்டுறீங்க. எந்த வளைவு எங்க இருக்குன்னு உங்களுக்கு மனப்பாடம். அதான் இத்தனை நாளு தப்பிச்சீங்க."

எனக்குக் கோபம் வந்தது. பெண்பிள்ளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அவள் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டி, அதில் என்ன கிழமை என்று கேட்டாள். பெரிய எழுத்துதான், நான்கு அடி தூரம்தான். பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், தெரியவில்லை. கழற்றிவிட்டுப் பார்த்தேன், கொஞ்சம் தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத என் மனைவியின் புத்தியை அன்று நான் மனதாரப் போற்றினேன். வாயால் போற்ற மேலும் சில நாட்கள் ஆயின.

மறுநாள் அவளே என்னை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனாள். சாவியை மேஜைமேல் வைத்தேன். ஒரு மாதம் பார்ப்பேன், அதற்குள் டாக்டர் நல்ல சீட்டுக் கொடுத்தால் வண்டி உனக்கு, இல்லாவிட்டால் மாணிக்கத்துக்கு என்றார் முதலாளி. மாணிக்கம் எனக்குப் பதிலாக ஓட்ட வந்த டிரைவர். நல்லவன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். எனக்குக் கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளுத்து மறைப்பது) வந்துவிட்டது, இனி குருடுதான் என்ற பயத்தோடு அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, புரை இல்லை என்றார். எனக்கு இருந்தவை மூன்று குறைகள். கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது மங்குவது). சிதறல் பார்வை (கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததால் ஒரு விளக்கு பல கதிராகத் தெரிவது). மூன்றாவது வெள்ளெழுத்து (நாற்பதுக்குமேல் எல்லோருக்கும் வருவது, கையில் பிடித்த எழுத்து மங்கும்). பாசார்க் கண்ணாடி வெள்ளெழுத்துக்கு மட்டும் ஏற்றது. தூரப் பார்வையை அது இன்னும் கெடுத்துவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. பத்திரிகை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, சாலை அப்படி இருக்குமா என்று மட்டும் கேட்டார். அப்படிக் கேட்டதில் எனக்கு ஏற்பட்ட வெட்கம், திட்டியிருந்தால் ஏற்பட்டிருக்காது. பச்சை நிறத்தைப் பற்றியும் சொன்னார். மாலைக்குமேல் கிடைப்பதே கொஞ்சம் வெளிச்சம்; அதிலும் பாதியை நிறக் கண்ணாடி தின்றுவிடும். எதிர் விளக்கு கூசாமல் இருந்தது உண்மைதான், ஆனால் அந்த விளக்கோடு சேர்த்து மனிதர்களையும் அது மறைத்துவிட்டது என்றார்.

டாக்டர் எழுதித் தந்த கண்ணாடிச் சீட்டோடு நான் போனது லிம் என்ற சீனருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு. கடையில் எழுத்துப் பலகை இருந்தது. ஆனால் என் தொழிலைக் கேட்டதும் அவர் பலகையைத் திருப்பி வைத்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் பல வருஷம் கடை வைத்திருந்ததால் பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பேசுவார்.

"அண்ணே, கடைக்குள்ள இருட்டு வராது லா. உங்களுக்கு இருட்டுலதானே கண்ணு தெரியல? சாயங்காலம் பஸ்ஸுல போவோம்."

அன்று மாலை ஆறரை மணிக்குக் கடையை அடைத்துவிட்டு, கிள்ளான் பஸ்ஸில் தம் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து ஏறினார். மாணிக்கம் ஓட்டினான். நானும் லிம்மும் முன் பலகையில் உட்கார்ந்தோம். என் மூக்கில் சோதனைச் சட்டம் ஒன்றை மாட்டினார். கழற்றி மாற்றக்கூடிய வில்லைகளை வைக்கும் இரும்புச் சட்டம் அது. பஸ் குலுங்கிக்கொண்டே போக, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். ஜனங்கள் சிரித்தார்கள். குதிரைக்கு லாடம் அடிக்கிறார்கள் என்றார் ஒருவர். லிம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதோ அந்த மரத்தடியில் யார் நிற்கிறார்கள், எதிரே வருவது ஒரு விளக்கா இரண்டா, மைல்கல்லில் என்ன எண் என்று கேட்டு, என் பதிலைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. எதிரே வந்த லோரியின் விளக்குகள் இரண்டு உருண்டைகளாக, கால் கை முளைக்காமல் நின்றன.  தன் தொழிலில் இப்படி மனசாட்சி வைத்த ஒரு மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவர் செய்து கொடுத்தவை இரண்டு. இரண்டிலும் சாலைக்கான ஒரே பவர். பகலுக்கானதில் லேசான புகை நிறம். இரவுக்கானதில் நிறமே கிடையாது. சட்டம் மெல்லிய கம்பி. தடித்த சட்டம் போட்டால் பக்கத்திலிருந்து குறுக்கே வருபவரை அது மறைக்கும். வியர்வையில் நழுவாமலிருக்கக் காதைச் சுற்றி வளைத்துவிட்டார். விளக்கு ஏற்றியபிறகு மாற்றாதீர்கள், வெளிச்சம் இருக்கும்போதே மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினார். முதல் மூன்று நாள் தரை சரிந்திருப்பதுபோலத் தோன்றி, தலை சுற்றியது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சீட்டுக் கொடுத்தார். முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைப் பார்த்துவிட்டு யாரும் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை. இரண்டு டிரைவர்கள் மட்டும் தனித்தனியே வந்து, லிம்மின் கடை எந்தப் பக்கம் என்று மெதுவாக விசாரித்தார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவேண்டியதில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் மாலை, பத்துத் தீகா என்ற ஊரைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஜனங்கள் வரிசையாக நடந்து போவதைக் கண்டேன். ரப்பர்த் தோட்டத்து ஆண்களும் பெண்களும், இடுப்பில் பிள்ளைகளோடு. இருட்டு நிறத் துணி, கையில் விளக்கில்லை. பஸ்ஸின் சத்தம் கேட்டதும் அவர்கள் எல்லோரும் சாலையோரக் கானில் (வாய்க்காலில்), முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றார்கள். மறுநாளும் அப்படியே. இவ்வளவு பேர் எங்கிருந்து புதிதாக வந்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

மூன்றாம் நாள் வண்டியை நிறுத்தினேன். முன்னால் நின்ற பெரியவரிடம், நீங்கள் இந்தப் பாதையில் எத்தனை நாளாக நடக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று வருஷமாக என்றார். பஸ் வந்தால் ஒதுங்கி நின்றால் போதாதா, ஏன் தண்ணீரில் இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். 

"மத்த பஸ்ஸுக்கு எறங்க மாட்டோம் அண்ணே. உங்க பஸ்ஸுக்கு மட்டுந்தான். இந்த எஞ்சின் சத்தம் எங்களுக்கு அடையாளம் தெரியும்."

அவர் குற்றம் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிப்போம் என்பதுபோலச் சொன்னார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை. என் ஞாபகத்தாலும் திறமையாலும் இரண்டு வருஷம் விபத்தில்லாமல் ஓட்டினேன் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர்களின் காது என் கண்ணின் வேலையைச் செய்திருக்கிறது. கைப்பிள்ளையோடு தண்ணீரில் இறங்கி நின்று என் லைசென்சைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார்கள். ஆனாலும் மறுநாள் சத்தம் கேட்டதும் கானில் இறங்கினார்கள். நான் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நடுச்சாலைக்கு ஒதுங்கி, கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனேன். அதற்கடுத்த நாளும் இறங்கினார்கள். தினமும் அப்படியே போனேன்.

என் கண்ணுக்குப் புதுக் கண்ணாடி பழக ஒரு வாரம் ஆயிற்று. அவர்கள் கானில் இறங்காமல் சாலையோரத்திலேயே நிற்க எட்டு மாதம் ஆயிற்று.