இடைவேளைக்குப் பிறகு பார்த்த ஐந்து படங்கள்

பம்பாயில் தமிழ்ப் படத்துக்குப் போனால், நடிகர் வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அரங்கம் சிரித்துவிடும். திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை வாசித்துச் சிரிக்கிற, இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். வசனம் வந்து சேரும்போது அந்தச் சத்தத்தில் அது காதில் விழாது. கேட்டுச் சிரிக்கலாம் என்று காத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பாளையங்கோட்டையில் கல்லூரித் தோழிகளோடு பார்த்தபோது ஒரு வரி பிடித்துவிட்டால் எங்கள் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் குலுங்கும்.

அந்தத் தோழிகள் நால்வரும் நானும் ஒவ்வொரு டிசம்பரிலும், அந்த வருஷம் பிடித்த ஐந்து படங்களை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வோம். காரணம் எழுதாத பட்டியல் செல்லாது. அது நால்வரில் ஒருத்தியான செல்வி போட்ட சட்டம். கல்யாணமாகி இங்கே வந்த ஐந்து வருஷத்தில் எனக்கென்று நான் விடாமல் செய்கிற ஒரே காரியம் இதுதான்.

ஆனால் மகள் சபா பிறந்த பிறகு நான் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. முதல்முறை மூவருமாகப் போனபோது சண்டைக் காட்சியில் அவள் வீறிட்டு அழுதாள். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, வெளியே தூக்கிப் போகும்படி ஆங்கிலத்தில் சொன்னார். அன்றிலிருந்து ஒரே டிக்கெட்தான். என் கணவரை எங்கள் பக்கத்து வழக்கப்படி மச்சான் என்பேன். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இடைவேளை வரை மச்சான் பார்ப்பார். நான் தியேட்டர் இருக்கும் மாலின் நடைபாதையில் சபாவுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைப்பேன். அப்புறம் அவர் பிள்ளையை வாங்கிக்கொள்ள, அதே டிக்கெட்டோடு நான் உள்ளே போவேன். வாசலில் நிற்கும் பெண் ஒருநாள், "ஹர் பார் ஆதா பிக்சர், மேடம்?" என்றாள். பாதி டிக்கெட்டில் ஏமாற்றுகிறேன் என்கிறாளோ என்று பதறி, "நஹி நஹி, ஃபுல் டிக்கெட்" என்று நீட்டினேன். அவள் சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் பாதிப் படம்தானா என்று பரிதாபப்பட்டிருக்கிறாள். வீடு வரும்வரை வெட்கமாக இருந்தது.

முதல் பாதியை மச்சான் வீடு திரும்பும் ஆட்டோவில் சொல்வார். "ஒண்ணுமில்ல. ரெண்டு தம்பிமாரு, ஒரு சண்டை, பிரிஞ்சிருதானுவ." அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு என் பட்டியலை எழுதினேன். ஐந்தாவது, கல்யாண சமையல்காரரின் மகன்கள் கதை. ஏன் பிரிந்தார்களோ தெரியாது, கடைசியில் கொதிக்கும் அண்டாவை இருவருமாக இறக்கியபோது அழுதுவிட்டேன். நாலாவது, ஒரு கொலைப் படம். கொன்றவன் யார் என்று நன்றாகத் தெரியும், செத்தவன் யார் என்பதில்தான் சந்தேகம். மூன்றாவது உப்பளத்துப் படம், இரண்டாவது லாரி ஓட்டுகிறவரின் படம். முதலாவது, ஒரு டீச்சரைப் பற்றியது. பிள்ளையைக் கணவனிடம் விட்டுவிட்டுத் தனியாக ஊருக்குத் திரும்பி, பழைய பள்ளியில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கிறாள். அத்துடன் படம் முடிகிறது. முதல் பாதியைப் பற்றி மச்சான் சொன்னது: "நல்ல மனுசன் புருஷன். அவளுக்குத்தான் திமிரு."

நானும் அப்படியே எழுதினேன். "அருமையான படம். ஆனால் ஒரு தாய் பிள்ளையை விட்டுப் போக வலுவான காரணம் இல்லை."

மறுநாள் வாட்ஸ்அப்பில் செல்வியின் குரல் வந்தது. "ஏட்டி, நீ படத்தப் பாத்தியா இல்லியா? ஒரு வருஷத்துல திரும்ப வேலைக்குப் போலாம்னு சொல்லித்தான அவன் ராஜினாமா எழுத வைக்கான்? புது ஸ்கூல்ல இருந்து வந்த லெட்டர அவன்தான ஒளிச்சு வைக்கான்? வலுவான காரணம் இல்லையாம்ல! நான் உன்ன நெனச்சுத்தான் தியேட்டர்ல அழுதேன், மூதி."

நான் மேலப்பாளையத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். இங்கே வரும்போது, "ஒரு வருஷம் பொறு" என்று மச்சானும் சொன்னார். பிறகு, பிள்ளை நடக்கட்டும் என்றார். இப்போது சபாவுக்கு மூன்றரை வயது. செம்பூரில் எங்கள் பக்கத்துத் தெருப் பள்ளியில் ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னபோது, "அடுத்த ஜூன்ல பாப்போம்" என்றார். நானும் தலையாட்டினேன். பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, அவர் சொல்வதும் சரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் டீ குடிக்கும்போது கேட்டேன். "அந்த டீச்சர் படத்துல லெட்டர ஒளிச்சு வச்சத ஏன் சொல்லல?"

"படத்துல ஆயிரம் வரும். எல்லாத்தையும் ஒப்பிக்க முடியுமா?"

"அதுதான் மச்சான் கதையே."

"அப்ப பட்டறையில இருந்து போன் வந்துச்சு. வெளிய போயிட்டேன்."

"வேலைக்கு எடுக்கோம்னு எனக்கும் எதும் லெட்டர் வந்துச்சா?"

"சினிமாவப் பாத்துட்டு எங்கிட்ட சண்டைக்கு வாரியா?" என்று சிரித்தார். போன் வந்ததும் உண்மையாக இருக்கலாம். அவருக்கு எந்நேரமும் போன் வருகிறது. அவரைச் சந்தேகப்பட்டதற்காக ஒரு மணி நேரம் வருந்தினேன். அப்புறம், அவர் சொன்னதை நம்பி அந்த டீச்சரைத் திட்டி எழுதியதற்காக வருந்தினேன்.

அடுத்த ஞாயிறு, "முதல் பாதி எனக்கு" என்றேன். தாராளமாக டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். இடைவேளையில் வெளியே வந்தபோது சபா தூங்காமல் அவர் தோளில் இருந்தாள். டிக்கெட்டுக்காக அவர் கையை நீட்டினார்.

"இன்னைக்கு முழுசும் நான் பாக்கேன்."

"புள்ள?"

"உங்க புள்ளதான மச்சான். வச்சுக்கிடுங்க. நாளைக்கு அந்தப் பக்கத்துத் தெரு ஸ்கூலுக்குப் போய் அப்ளிகேஷன் பாரம் வாங்கப் போறேன், அப்பவும் வச்சுக்கிடுங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனேன். நிற்கும் தைரியம் இல்லை. திரையில் என் ஊர்ப் பேச்சு, என் ஊர் வெயில். நான் இத்தனை நாள் ஏங்கியது அதற்குத்தான். பாப்கார்ன் வாங்கிக்கொண்டு ஆட்கள் வரும்போதெல்லாம் கதவு திறந்து, என் மடியில் ஒரு துண்டு வெளிச்சம் விழுந்தது. அந்த இடைவெளியில், வெளியே ஒரு குழந்தை "மம்மி கஹாங் ஹை?" என்று அம்மாவைத் தேடி அழுவது கேட்டது. சபாவாக இருக்கலாம். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் அழுகின்றன. நான் எழுந்து கதவோரத்து இருக்கைக்கு மாறினேன். கண்ணைத் திரையிலும் காதைக் கதவிலும் வைத்துக்கொண்டு, படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.