சும்மா இருந்த பிராசஸர்

தேனியில் நான் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்கு ஒரு பெண் உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவாள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் அங்கே ரொம்ப காலமாக இருப்பவன்.

போடியில் ஒரு தனியார் ஏல மையத்துக்கு ஏலக்காய் விலை கேட்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்திருந்தோம். எங்கள் சர்வரை மென்பொருளால் பல கணினிகளாகப் பிரித்து, அவற்றில் ஒன்றில் அதை ஓட்டினோம். வியாபாரி பொத்தானை அழுத்தினால் விலை திரையில் ஏறத் தாமதமாகிறது என்று புகார் வந்தது. பார்த்தால் பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. ஆனாலும் கூடுதல் பிராசஸர் ஒதுக்கிக் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை.

அவள் போடிக்கே போய் ஏலத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, போட்டி மும்முரமா இருக்கையில நல்லா ஓடுது. மந்தமா இருக்கப்பத்தான் இழுக்குது. கவனிச்சீகளா?"

நான் கவனித்திருக்கவில்லை. போடிக்குப் போகவேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

முதலாளி முன்னால் அவள் விளக்கினாள். வேலை இல்லாதபோது, சர்வரில் எங்கள் மென்பொருள் ஓடும் பிரிவு தூங்கப் போகிறது. தூங்குமுன் பிராசஸரை அடியிலிருக்கும் நிஜக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். அடுத்த செய்தி வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும். ஒருமுறை போய்வரும் நேரம் யாரும் உணர முடியாத அளவுக்குச் சின்னது. ஆனால் ஒரு விலை திரையில் ஏறுவதற்குள் எங்கள் மென்பொருளின் பாகங்கள் தங்களுக்குள் எத்தனையோ சின்னச் செய்திகளை அனுப்பிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளியேற்றம். மும்முரமான நேரத்தில் தூங்கவே வாய்ப்பில்லை, அதனால் வேகம்.

"ஒடனே வெளிய போகாம, செத்த நேரம் அங்கனயே முழிச்சிருக்கச் சொல்லுவோம்ணே."

எனக்கு வயிறு எரிந்தது. சொன்னது எளிமையாக இருந்ததால் இன்னும் எரிந்தது. முழித்திருக்கும் நேரமெல்லாம் பிராசஸர் வீணாகச் சுற்றுமே, அதே சர்வரில் இருக்கும் மற்ற பிரிவுகள் என்ன செய்யும் என்று கேட்டேன். அவள் திணறுவாள் என்று நினைத்தேன்.

அண்ணன் சொல்வது சரிதான் என்றாள். எவ்வளவு நேரம் முழித்திருந்தால் மற்றவற்றுக்கு இடைஞ்சல் இல்லை என்பதை என்னையே அளந்து பார்க்கச் சொன்னாள். பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டது.

அளந்தேன். கூட்டியும் குறைத்தும் வைத்துப் பார்த்தபோதெல்லாம் இது தோற்றுப்போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே அளந்தேன். தோற்கவில்லை. மிகக் குறைந்த காத்திருப்பிலேயே தாமதம் போய்விட்டது. மற்ற பிரிவுகளும் நன்றாகவே ஓடின. அளவைச் சரியாகக் கண்டுபிடித்தவன் நான். முதலாளியோ, "பிள்ளை வந்ததும் கோளாறக் கண்டுபிடிச்சிருச்சு பாத்தீகளா" என்று என்னிடமே சொன்னார்.

நேற்று போடி வியாபாரி ஒருவர் என் எண்ணுக்கு அழைத்தார். என் குரலைக் கேட்டதும், "அந்தத் தங்கச்சி பக்கத்துல இருக்காகளா?" என்றார்.

இருக்கிறாள் என்று சொல்லி, போனை அவளிடம் நீட்டினேன்.